வெட்டிப் பார்த்த பின்

ஒப்பந்தம் முப்பத்தேழு பக்கம்.
பதினான்காம் பிரிவில் தாமதம்,
பதினைந்தில் தரம்,
இருபத்திரண்டில் வெள்ளம், நிலநடுக்கம், போர்.
ஓசூர் கடைசியாகப் போர் பார்த்தது
திப்பு காலத்தில்.
ஆனாலும் ஒவ்வொரு பக்கத்தின் காலடியிலும்
கையெழுத்துப் போட்டார் திம்மராயப்பா,
ஒரு பக்கமும் படிக்காமல்.
"படிச்சா மட்டும் மாத்திடுவீங்களா மேடம்?"

மூக்கண்டப்பள்ளியில் அவருக்கு இரண்டு உலைகள்.
எங்கள் பின்கள் அங்கே போய்ச் சிவந்து
எண்ணெயில் விழுந்து
கறுத்துத் திரும்பி வரும்.
தோல் இறுக வேண்டும், உள்ளே இளக்கம் வேண்டும்.
முழுக்க இறுகினால் முதல் பள்ளத்தில் முறியும்,
முழுக்க இளகினால் மூன்றே மாதத்தில் தேயும்.
கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.
வெட்டிப் பார்த்தால் தெரியும்.
வெட்டிப் பார்த்த பின்
அது பின் அல்ல.
அதனால் ஆயிரத்துக்கு ஒன்றை வெட்டுவோம்.
மிச்சம் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதையும்
அவரை நம்பித்தான் வண்டியில் பூட்டினோம்.
இதற்குப் பிரிவு எண் கிடையாது.

மார்கழி. இரவு இரண்டு பத்து. போன்.
"ரெண்டாவது உலை சரியில்ல மேடம்.
மீட்டர் சரியாத்தான் காட்டுது,
எனக்கென்னவோ நிறம் ஒப்பல.
சாயந்திரம் அனுப்பின நாலாயிரமும்
அதுல வெந்ததுதான். லைன்ல ஏத்தாதீங்க."
ஏற்றவில்லை.
காலையில் நான்கை வெட்டினோம்.
நான்கும் வெண்ணெய்.

லைன் ஆறு மணி நேரம் நின்றது.
அவர் சொல்லாமல் இருந்திருந்தால்
நின்றிருக்காது.
நின்றால் மணிக்கு எவ்வளவு என்று
பதினான்கில் இருக்கிறது.
விலக்குக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்று
ஒன்பதில் இருக்கிறது.
டெபிட் நோட்டை நான்தான் அடித்தேன்.
ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம்.
நேரில் வந்து வாங்கிக்கொண்டார், டீ குடித்தார்,
மலைக்கோயில் தேருக்கு இந்தத் தடவை
கூட்டம் எப்படியிருக்கும் என்று பேசினார்.
தொகையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
நாற்பத்தைந்து நாளில் தர வேண்டிய அவர் பணத்தை
அந்த வருஷம் நாங்கள்
தொண்ணூற்றிரண்டாம் நாள் கொடுத்தோம்.
அதற்கு மணிக்கு எவ்வளவு?
முப்பத்தேழு பக்கமும் தேடினேன்.

ஆடியில் புனேயிலிருந்து புகார் வந்தது.
பின்கள் தேய்ந்திருந்தன.
உலை அறிக்கையை எடுத்துப் பார்த்தேன்.
சூடு சரி, நேரம் சரி, முத்திரை சரி,
எல்லாக் கட்டத்திலும் டிக்.
இவ்வளவு சுத்தமான அறிக்கை
அவரிடமிருந்து வந்ததே இல்லை.
முன்பெல்லாம் ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியிருப்பார்:
மூணாவது தட்டு சந்தேகம், பாத்துக்கங்க.
இப்போது ஓரம் வெள்ளையாக இருந்தது.

பட்டறைக்குப் போனேன்.
உலை வாயில் கண்ணைச் சுருக்கி நின்றிருந்தார்.
அன்றைக்கு நிறம் எப்படி இருந்தது என்றேன்.
"மீட்டர் சரியாத்தான் காட்டுச்சு மேடம்."
பொய் இல்லை.
நாங்கள் எழுதிக் கேட்டிருந்தது
மீட்டரைத்தான்.

புதுப்பிக்கும்போது ஒரு வரி சேர்க்கப் பார்த்தேன்:
முன்வந்து சொல்பவருக்குத் தண்டம் இல்லை.
பெங்களூர் சட்டப் பிரிவு சிவப்பில் கேட்டது:
முன் என்றால் எதற்கு முன்?
நாங்கள் கண்டுபிடிப்பதற்கு முன் என்றேன்.
நிரூபிப்பது யார்?
இரவு இரண்டு பத்தை
எந்தப் படிவத்தில் நிரப்புவது என்று
எனக்குத் தெரியவில்லை.
அந்த வரி இப்போது முப்பத்தெட்டாம் பக்கத்தில்
நான்கு உட்பிரிவுகளுக்குக் கீழே
மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறது.

நேற்று திம்மராயப்பா கையெழுத்துப் போட வந்தார்.
பேனாவை நீட்டினேன்.
மேஜைமேல் வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து
கண்ணாடியை எடுத்தார்.
முதல் பக்கத்திலிருந்து
விரல் வைத்து, உதடு அசைய,
மதிய ஷிப்டுக்குச் சங்கு ஊதும் வரை
படித்தார்.
டீயில் ஆடை படிந்தது.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்றார்.
"எனக்கு ஒரு நகல் வேணும் மேடம்.
எல்லாப் பக்கமும்."